லென்ஸை எவ்வளவு பெரிதாக்கினாலும் வைரஸ் ஏன் தெரிவதில்லை?

கேள்வி கேட்டவர் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு மைக்ரோஸ்கோப் வாங்கத் தேடிக்கொண்டிருக்கிறார். 2000 மடங்கு பெரிதாக்கும் என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டிருக்கிறது. "இன்னும் இரண்டு லென்ஸ் சேர்த்து 20,000 மடங்கு ஆக்கினால் கொரோனா வைரஸையே வீட்டில் பார்க்கலாமே, ஏன் யாரும் செய்வதில்லை? அதேபோல, நல்ல தொலைநோக்கியில்கூட நட்சத்திரம் ஏன் வெறும் புள்ளியாகவே தெரிகிறது?" என்று கேட்டிருந்தார். இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரிதாக்குவது ஒரு பிரச்சினையே இல்லை. 20,000 மடங்கு என்ன, பிம்பத்தைச் சுவரில் விழவைத்தால் எத்தனை மடங்கு வேண்டுமானாலும் ஆக்கலாம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகள் தனித்தனியாகத் தெரியுமா என்பதுதான் கேள்வி. இதைப் பிரிதிறன் என்பார்கள். லென்ஸைக் குறையே இல்லாமல் கடைந்தாலும் பிரிதிறனுக்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லையை வைப்பது ஒளியின் அலைநீளம்.

குளத்து நீரில் நட்ட மெல்லிய குச்சியைப் பாருங்கள். அலை அதைத் தாண்டிப் போன பிறகு, அங்கே குச்சி இருந்ததற்கான தடயம் அலையில் அநேகமாக இருக்காது. அகலமான தூண் என்றால் பின்னால் நிழல் போல அமைதியான நீர் இருக்கும், விளிம்பில் அலை வளையும். அலைநீளத்தைவிட மிகச் சிறிய தடையை அலை கண்டுகொள்வதில்லை. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்). கொரோனா வைரஸின் குறுக்களவு சுமார் 100 நானோமீட்டர், போலியோ வைரஸ் வெறும் 30. தகவலைச் சுமந்து வர வேண்டிய அலை, பொருளைவிடப் பல மடங்கு பெரியதாக இருக்கிறது.

ஒளி அலைதான் என்பதே லேசில் ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம் அல்ல. நியூட்டனின் செல்வாக்கால் நூறு வருடம் துகள் கொள்கையே கோலோச்சியது. 1803-ல் லண்டனில் தாமஸ் யங், இருட்டறைக்குள் விட்ட மெல்லிய சூரியக் கற்றையின் நடுவே ஒரு அட்டையை விளிம்பாக நிறுத்தி, அதன் நிழலுக்குள் ஒளி-இருள் வரிகள் விழுவதைக் காட்டினார். ஒரு பக்க ஒளியை மட்டும் மறைத்ததும் வரிகள் மறைந்தன. அதாவது இரண்டு பக்க ஒளியும் ஒன்றோடொன்று கலந்துதான் அந்த வரிகளை உண்டாக்கியிருக்கிறது. அப்புறமும் பலர் நம்பவில்லை. 1818-ல் பிரெஞ்சு அறிவியல் அகாடமி நடத்திய போட்டிக்கு ஃப்ரெனெல் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் அலைக் கணக்கை அனுப்பினார். நடுவர்களில் ஒருவரான புவாசோன், "இந்தக் கணக்கு சரியென்றால் வட்டத் தகட்டின் நிழலுக்கு நடுமையத்தில் பளிச்சென்று ஒரு புள்ளி விழ வேண்டுமே" என்று மடக்கப் பார்த்தார். இன்னொரு நடுவரான அராகோ சோதித்தே பார்த்துவிட்டார். புள்ளி இருந்தது, பரிசும் ஃப்ரெனெலுக்கே போனது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் புள்ளிக்கு இன்றும் புவாசோன் பெயர்தான்.

சரி, இனி ஜெர்மனியின் யேனா நகருக்கு வருவோம். அங்கே கார்ல் சைஸ் பட்டறை நடத்தினார், மைக்ரோஸ்கோப் செய்தார். அந்தக் காலத்தில் லென்ஸ் செய்வது முழுக்கக் கைப்பழக்கம்: தேய்ப்பது, பொருத்திப் பார்ப்பது, சரியில்லையென்றால் மாற்றுவது. இதைக் கணக்கால் செய்ய முடியாதா என்று 1866-ல் எர்ன்ஸ்ட் அபே என்ற இளம் இயற்பியலாளரைச் சேர்த்துக்கொண்டார். விளிம்பு வழியாக வரும் கதிர்கள்தான் பிம்பத்தைக் கெடுக்கின்றன என்று நினைத்த அபே, லென்ஸில் ஒளி நுழையும் துளையைக் குறுக்கி, பிழைகளைக் குறைத்து லென்ஸ்களைக் கணக்கிட்டார். கணக்குப்படி அவை உயர்ந்த லென்ஸ்கள். ஆனால் கண்ணால் பார்த்தால், பழைய கைப்பழக்க லென்ஸ்களைவிட மோசமாக இருந்தன!

அபே அந்தத் தோல்வியை விடாமல் துருவினார். பொருளில் இருக்கும் நுணுக்கமான கோடுகள் ஒளியைப் பக்கவாட்டில் சிதறடிக்கின்றன. பாடநூலில் விளிம்பு விளைவு என்று படித்திருப்போமே, அதுதான். கோடுகள் எவ்வளவு நெருக்கமோ, சிதறும் கோணம் அவ்வளவு அகலம். அந்த அகலக் கோணத்தில் போகும் ஒளி லென்ஸுக்குள் நுழையாவிட்டால், அந்தக் கோடுகள் இருக்கும் செய்தியே லென்ஸுக்குப் போய்ச் சேராது. வராத செய்தியை எந்த லென்ஸும் வரைய முடியாது. துளையைக் குறுக்கியபோது அபே அறியாமல் செய்தது இதைத்தான். 1873-ல் இதைக் கோட்பாடாக வெளியிட்டார்: அலைநீளத்தை, எண்ணியல் துளை என்ற எண்ணின் இரு மடங்கால் வகுத்தால், பிரித்துப் பார்க்கக்கூடிய மிகச்சிறு இடைவெளி வரும். லென்ஸ் எவ்வளவு அகலமான கூம்பிலிருந்து ஒளியை வாங்குகிறது என்பதற்கான அளவே எண்ணியல் துளை. காற்றில் அது 1-ஐத் தொடாது. லென்ஸுக்கும் கண்ணாடிச் சில்லுக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் 1.4 வரை போகும். பச்சை ஒளிக்கு 550 நானோமீட்டர் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள், 200-க்குச் சற்றுக் கீழே வரும். ஒளி மைக்ரோஸ்கோப்பின் தரை அதுதான். யேனாவில் அபேயின் நினைவுச் சின்னத்தில் இந்தச் சூத்திரத்தைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

இப்போது அந்த 2000 மடங்கு விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கால் மீட்டர் தூரத்தில் நம் கண் சிரமமில்லாமல் பிரித்தறிவது சுமார் 0.2 மில்லிமீட்டர். 200 நானோமீட்டரை அந்த அளவுக்குக் கொண்டுவர 1000 மடங்கு போதும். அதற்குமேல் ஏற்றினால் மங்கல்தான் பெரிதாகும். அதனால் மடங்கைப் பார்த்து வாங்காதீர்கள். லென்ஸின் பக்கவாட்டில் 40 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 0.65 என்பது போல இன்னொரு எண் பொறித்திருக்கும். அதுதான் எண்ணியல் துளை. அந்த 0.65 சுமார் 420 நானோமீட்டர் வரை காட்டும். வெங்காயத் தோல், குட்டைத் தண்ணீரில் நீந்தும் உயிர்கள், ரத்த அணுக்கள் எல்லாவற்றுக்கும் தாராளம். அந்த எண்ணே இல்லாத லென்ஸை நான் வாங்கமாட்டேன்.

போனில் 200 மெகாபிக்சல் கேமராவுக்கும் இதே கதைதான். அந்தச் சென்சர்களில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 0.6 மைக்ரான், அதாவது 600 நானோமீட்டர். போன் லென்ஸ் வழியாக வரும் ஒளிப்புள்ளியோ, லென்ஸ் குறையே இல்லாதது என்றாலும், இரண்டு மைக்ரானுக்கு மேல் பரவும். ஒரு புள்ளிக்குள் பத்துக்கு மேற்பட்ட பிக்சல்கள் உட்கார்ந்திருக்கின்றன. அதனால்தான் பக்கத்துப் பிக்சல்களைச் சேர்த்து ஒன்றாக எண்ணும் வசதியையும் அதே கம்பெனிகளே வைக்கின்றன.

எல்லை இதுதான் என்று தெரிந்தபின் என்ன செய்யலாம்? முதலில் தோன்றுவது அலைநீளத்தைக் குறைப்பது. புற ஊதா ஒளியால் பாதியாகக் குறைக்கலாம், அது பெரிய லாபம் இல்லை. எக்ஸ் கதிரின் அலைநீளம் அணுவின் அளவில் இருக்கிறது, ஆனால் அதை ஒழுங்காக மடக்கும் லென்ஸ் கிடையாது. அதனால் படிகவியலில் லென்ஸையே விட்டுவிட்டார்கள். படிகத்தில் பட்டுச் சிதறும் எக்ஸ் கதிர்களின் புள்ளிக்கோலத்தைப் பதிவு செய்து, லென்ஸ் செய்ய வேண்டிய வேலையைக் கணிதத்தால் செய்தார்கள். நம் தோலிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்பதை 1950-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கண்டது இந்த வழியில்தான். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2009-ல் நோபல் கிடைத்த, செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோம் பற்றிய ஆய்வும் இதே வழி.

எலக்ட்ரானின் கதை இன்னும் சுவாரசியம். 1931-ல் பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் மாக்ஸ் க்னோலும் அவருடைய மாணவர் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் காந்தச் சுருளை லென்ஸாக வைத்து எலக்ட்ரான்களால் பிம்பம் உண்டாக்கினார்கள். முதல் கருவி இருபது மடங்குகூடப் பெரிதாக்கவில்லை. எலக்ட்ரான் துகள்தானே, அலைநீளத் தொல்லை இல்லை என்பதுதான் ருஸ்காவின் எண்ணம். எலக்ட்ரானுக்கும் அலைநீளம் உண்டு என்று பிரெஞ்சு இயற்பியலாளர் டி பிராய் 1924-லேயே சொல்லியிருந்தார், ருஸ்காவுக்கு அது பிறகுதான் தெரியவந்தது. கேள்விப்பட்டதும் முதலில் மனம் ஒடிந்துபோனதாக நோபல் உரையில் அவரே சொல்கிறார். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒளியைவிட லட்சம் மடங்கு குட்டையான அலை! 1,00,000 வோல்ட்டில் ஓடும் எலக்ட்ரானின் அலைநீளம் 0.0037 நானோமீட்டர். 1933-ல் அவருடைய அடுத்த கருவி ஒளி மைக்ரோஸ்கோப்பை முந்தியது. 1939-ல் புகையிலைத் தேமல் வைரஸ் முதல்முறையாகப் படத்தில் விழுந்தது, அந்த வேலையில் ருஸ்காவின் தம்பி ஹெல்முட்டும் ஒருவர். நோபல் பரிசு வந்தது 1986-ல். ஐம்பது வருடத்துக்கும் மேல் காத்திருந்தார்.

எலக்ட்ரானுக்கும் விலை கொடுக்க வேண்டும். காந்த லென்ஸ்கள் பிழை மிகுந்தவை. அதனால் அலைநீளம் தரக்கூடிய பிரிதிறனுக்குப் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புகள் பல பத்து மடங்கு பின்தங்கியே நிற்கின்றன. மாதிரி வெற்றிடத்தில் இருக்க வேண்டும், மிக மெல்லியதாக இருக்க வேண்டும், உயிரோடு இருக்க முடியாது. நீரைப் படிகமாக விடாமல் நொடியில் உறையவைக்கும் முறை வந்தபின் நிலைமை வெகுவாக மாறியது (2017 வேதியியல் நோபல் அதற்குத்தான்). கொரோனா வைரஸின் கூர்முனைப் புரதத்தின் வடிவம் 2020 பிப்ரவரியிலேயே வெளியானதும் அந்த முறையால்தான். உங்கள் கேள்விக்கான நேரடிப் பதில் இங்கே இருக்கிறது: கொரோனா வைரஸைப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் ஒளியால் அல்ல.

உயிருள்ள செல்லைப் பார்ப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. செல் கண்ணாடி மாதிரி, ஒளியை உறிஞ்சுவதில்லை. செல் வழியே வரும் அலை கொஞ்சம் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான். கண்ணுக்கு வெளிச்ச வேறுபாடு தெரியும், தாமதம் தெரியாது. நெதர்லாந்தின் ஃப்ரிட்ஸ் செர்னிகே, நேராக வரும் அலையைக் கால் அலைநீளம் நகர்த்திவிட்டால் தாமதம் வெளிச்ச வேறுபாடாக மாறிவிடும் என்று கண்டார். 1932-ல் யேனாவுக்குப் போய் சைஸ் கம்பெனியில் காட்டினார். உருப்படியான சங்கதியாக இருந்தால் நாங்களே எப்போதோ கண்டுபிடித்திருப்போமே என்பதுபோலப் பதில் வந்ததாம். அபேயின் கம்பெனியிலேயே இப்படி! 1953-ல் செர்னிகேவுக்கு நோபல் கிடைத்தது. உயிரியல் படிப்பவர்கள் இன்று தினமும் பயன்படுத்தும் கட்ட வேறுபாட்டு மைக்ரோஸ்கோப் அவருடையது.

200 நானோமீட்டர் தரையை ஒளியாலேயே உடைக்க முடியாது என்று நூறு வருடத்துக்கு மேல் எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் அபேயின் சூத்திரத்தை யாரும் உடைக்கவில்லை, அதைச் சுற்றிப் போனார்கள். ருமேனியாவில் பிறந்த ஸ்டெஃபான் ஹெல் 1994-ல் பின்லாந்தில் இருந்தபோது எழுதிய யோசனை இது: ஒளிரும் மூலக்கூறுகளை ஒரு லேசரால் தூண்டு. உடனே நடுவில் ஓட்டையுள்ள வளைய வடிவ லேசரால் சுற்றியுள்ளவற்றை அணைத்துவிடு. ஓட்டையின் நடுவில் மிஞ்சும் சிறு இடம் மட்டும் ஒளிரும். இரண்டு கற்றைகளும் 200 நானோமீட்டருக்குக் கீழே குவியாதவைதான். ஆனால் அணைக்கும் கற்றையின் சக்தியைக் கூட்டக் கூட்ட, மிஞ்சும் இடம் சுருங்கிக்கொண்டே போகும்.

எரிக் பெட்சிக்கின் வழி வேறு. ஆய்வுக்கூட வேலையை விட்டுவிட்டு அப்பாவின் இயந்திரக் கம்பெனியில் சில வருடம் இருந்தவர் அவர். திரும்பி வந்து நண்பர் ஹரால்டு ஹெஸ் வீட்டுக் கூடத்திலேயே கருவியைக் கட்டி, 2006-ல் முடிவை வெளியிட்டார். ஒரு மூலக்கூறு தனியாக ஒளிர்ந்தால், அதன் பிம்பம் 250 நானோமீட்டர் அகல மங்கல் வட்டம். ஆனால் அந்த வட்டத்தின் மையம் எங்கே என்று மிகத் துல்லியமாகச் சொல்லலாம். நூறு ஃபோட்டான்கள் (ஒளித் துகள்கள்) கிடைத்தால் மையத்தைப் பத்து மடங்கு நன்றாகக் குறிக்கலாம். எல்லா மூலக்கூறுகளும் ஒரே நேரத்தில் ஒளிர்ந்தால்தான் வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குழம்பும். அதனால் ஒரு நேரத்தில் சிலவற்றை மட்டும் ஒளிரவிட்டு, மையங்களைக் குறித்து, அணைத்து, அடுத்த சிலவற்றை ஒளிரவிட வேண்டும். ஆயிரக்கணக்கான படங்களைச் சேர்த்தால் 20 நானோமீட்டர் நுணுக்கத்தில் ஒரு படம் கிடைக்கும். இருவருக்கும், தனி மூலக்கூறை முதலில் ஒளியால் அடையாளம் கண்ட மோர்னருக்கும் சேர்த்து 2014-ல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள்.

இதனால் என்ன கிடைத்தது? எனக்குப் பிடித்த உதாரணம் 2013-ல் வந்தது. நரம்பு செல்லின் நீண்ட இழைக்குள் ஆக்டின் என்ற புரதம் வளையம் வளையமாக, சுமார் 190 நானோமீட்டர் இடைவெளியில், ஏணிப்படி போல அடுக்கியிருப்பதை ஷியாவ்வெய் சுவாங்கின் குழு கண்டது. அபேயின் எல்லைக்குச் சற்றே கீழே ஒளிந்திருந்த ஒழுங்கு. ஒளி மைக்ரோஸ்கோப்பில் அதுவரை நரம்பைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அந்த இடம் ஒரே மங்கலாகத்தான் தெரிந்திருக்கும்.

இனி வானம். நட்சத்திரம் நமக்கு மிகப் பக்கத்தில் இல்லை, எனவே இங்கே இடைவெளியைக் கோணத்தில் அளக்கிறோம். ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு வில்விநாடி. தொலைநோக்கியின் பிரிதிறன், அலைநீளத்தைக் கண்ணாடியின் விட்டத்தால் வகுத்தால் வருவதை ஒட்டியது. ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி விட்டம் 2.34 மீட்டர். ஹபிள் தொலைநோக்கிக்கு 2.4 மீட்டர். ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டுக்கும் கணக்குப்படி 0.05 வில்விநாடியை ஒட்டி வர வேண்டும். ஹபிளுக்கு வருகிறது. காவலூரில் தலைக்கு மேலே காற்று இருக்கிறது. அது ஒளி அலையைக் கசக்கிவிடுவதால், கண்ணாடி எவ்வளவு பெரிதானாலும் ஒரு வில்விநாடிக்குக் கீழே போவது கடினம். பெரிய தொலைநோக்கிகள் இப்போது லேசரால் மேல்வானில் செயற்கை நட்சத்திரம் உண்டாக்கி, அதன் நடுக்கத்தைப் பார்த்து ஒரு ஆடியை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை வளைத்துச் சரிசெய்கின்றன.

விட்டம் என்றால் முழுக் கண்ணாடியும் வேண்டும் என்பதில்லை. 1920 டிசம்பரில் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் மைக்கெல்சனும் பீஸும், 2.5 மீட்டர் தொலைநோக்கியின் மேல் ஒரு இரும்பு உத்திரத்தை வைத்து, இரண்டு சிறு கண்ணாடிகளை 6 மீட்டர் வரை நகர்த்தக்கூடியதாகப் பொருத்தினார்கள். இரண்டிலிருந்தும் வரும் ஒளி கலந்து வரிகள் விழும். கண்ணாடிகளை விலக்கும்போது எந்த இடத்தில் வரிகள் மறைகின்றன என்று பார்த்தால் நட்சத்திரத்தின் அகலம் தெரியும். திருவாதிரை நட்சத்திரத்துக்கு 0.047 வில்விநாடி வந்தது. அகலம் இவ்வளவு சிறியது என்பதால்தான் நல்ல தொலைநோக்கியில்கூட நட்சத்திரம் புள்ளியாகவே தெரிகிறது. சூரியனைத் தவிர ஒரு நட்சத்திரத்தின் அளவை மனிதர்கள் அளந்தது அதுதான் முதல் முறை. யங் அட்டையை வைத்துச் செய்த அதே வேலை!

ரேடியோ அலை மீட்டர் கணக்கில்கூட நீளும் என்பதால் அங்கே பாடு இன்னும் கஷ்டம். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 1970-ல் கோவிந்த் ஸ்வரூப் குழு அமைத்த ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதன் அலைநீளம் சுமார் 92 சென்டிமீட்டர். வகுத்துப் பார்த்தால் நீளவாக்கிலேயே ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குதான் வருகிறது. அரைக் கிலோமீட்டர் கருவி, கண்ணைவிடப் பல மடங்கு மோசமான பிரிதிறன்! அங்கே செய்த தந்திரத்தை நான் எந்தப் பெரிய விண்கருவிக்கும் குறைவாக மதிப்பதில்லை. நிலா வானில் நகரும்போது ரேடியோ அலை அனுப்பும் தொலைவான மூலங்களை மறைத்துக்கொண்டே போகும். அதன் விளிம்பு நொடிக்கு அரை வில்விநாடி வேகத்தில் நகர்கிறது. மூலம் மறையும்போது சிக்னல் எப்படிக் குறைகிறது என்பதை நொடி நொடியாகப் பதிந்தால், மூலத்தின் வடிவம் வில்விநாடி அளவுக்குத் தெரிந்துவிடும். நிலாவின் விளிம்பில் ரேடியோ அலை வளைந்து ஏற்ற இறக்கங்களையும் உண்டாக்கும். அது ஃப்ரெனெலின் கணக்கேதான், அதையும் பிரித்தெடுத்துப் பயன்படுத்தினார்கள்.

நிலாவைத் தொடர மணிக்கணக்கில் தொலைநோக்கியைத் திருப்ப வேண்டுமே. அதற்காகவே சுமார் 11 பாகை சரிந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்தார்கள். ஊட்டியின் அட்சரேகையும் 11 பாகை சொச்சம். அந்தச் சரிவில் வடக்குத் தெற்காகக் கிடத்தினால் கருவியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். ஒரே அச்சில் உருட்டினால் போதும், வானத்தை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் தொடரலாம்.

மைக்கெல்சனின் உத்திரத்தைப் பூமி அளவுக்கு நீட்டியதுதான் 2019 ஏப்ரலில் வெளியான கருந்துளைப் படம். எம் 87 விண்மீன் மண்டலத்தின் நடுவே, சுமார் 5.5 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருப்பது. ஹவாய், சிலி, ஸ்பெயின், தென்துருவம் என்று பல இடங்களில் இருந்த எட்டு தொலைநோக்கிகள் 2017-ல் ஒரே நேரத்தில் 1.3 மில்லிமீட்டர் ரேடியோ அலையைப் பதிவு செய்தன, அணுக் கடிகாரத்தால் நேரம் குறித்து. தரவு இணையத்தில் அனுப்ப முடியாத அளவு பெரியது, ஹார்டு டிஸ்க்குகளை விமானத்தில் ஏற்றினார்கள். தென்துருவத்து டிஸ்க்குகள் மட்டும் அங்கே குளிர்காலம் முடியும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தன. கிடைத்த பிரிதிறன் ஒரு வில்விநாடியின் லட்சத்தில் இரண்டு பங்கை ஒட்டியது.

பூமியின் விட்டத்தைக் கூட்ட முடியாது. அதனால் அதே குழு 0.87 மில்லிமீட்டர் அலைக்கு இறங்கி, அதிலும் பதிவு செய்ய முடியும் என்று 2024-ல் காட்டியிருக்கிறது. இன்னொரு வழி, ரேடியோ அலையை வாங்கும் ஒரு தட்டை விண்வெளிக்கு அனுப்புவது. ரஷ்யாவின் ஸ்பெக்டர்-ஆர் செயற்கைக்கோள் 2011 முதல் 2019 வரை அதைச் செய்தது, அதன் சுற்றுப்பாதை அநேகமாக நிலா தூரம் வரை நீண்டது. ஆனால் அது வாங்கியவை சென்டிமீட்டர் அலைகள், மில்லிமீட்டர் அலைகளை விண்வெளியிலிருந்து இப்படி இணைத்துப் பார்க்கும் தட்டு இன்னும் மேலே போகவில்லை.